வெளக்கமாறு புடிக்க ஜப்பானுக்கா?

என்னப்பா பேராண்டி, சந்தியில உன் மூஞ்சி தொங்குதே, பாத்தியா? "ஜப்பான் செல்லும் மலையகத்தின் மைந்தன்"னு கொட்ட எழுத்து. உன் படம் உள்ளங்கை அளவு. சுத்தி எட்டுப் பேரு கைகூப்பிக்கிட்டு நிக்கிறாங்க, அவுங்க படம் ஒவ்வொன்னும் மொறம் அளவு. போறது நீயா, அவுங்களா? நேத்துக் காத்துல ஓரம் கிழிஞ்சுச்சு. ஓரத்துல இருந்தது நீ. அவுங்களுக்கு ஒன்னும் ஆகல.

சரி, இப்படி இஸ்தோப்புல ஒக்காரு. பெட்டி கட்டியாச்சு, பூச போட்டாச்சு, படமும் புடிச்சாச்சு. கெழவன்கிட்ட ரெண்டு பேச்சு வாங்கிக் கட்டிக்காமப் போனா எப்படி?

"மாணவர் பரிமாற்றம்"னு உங்கம்மா பீலிக்கரையில நாலு தடவ சொல்லிட்டா. சொல்லும்போதே வாயி ஒரு பக்கமாக் கோணிக்கிது, பாவம். பரிமாற்றம்னா என்னா? நான் ஒரு படி அரிசி குடுத்தா நீ ஒரு படி பயறு தரணும். நீ அங்க போற. அங்கேருந்து யாரு இங்க வாறா? எந்த ஜப்பான்காரப் புள்ள நம்ம லயத்துல, பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல, பாயப் போட்டுப் படுக்கப் போகுது? வந்தா நல்லாத்தான் இருக்கும். தகரத்துல மழ பெய்யிற சத்தத்துல ஒரு ராத்திரி தூங்கிட்டா அதுக்கே ஒரு சான்றிதழ் குடுத்துறலாம்.

சிரிக்காத. யோசன நல்ல யோசனதான். நம்ம பென்சன் வாத்தியார் வெவரம் சொன்னாரு. ஏ.எஃப்.எஸ்.னு ஒரு சங்கமாம். சண்டையில காயம்பட்டவுங்கள ஆம்புலன்சுல ஏத்தி எறக்குன ஆளுக சேந்து, 1947ல பள்ளிக்கூடப் புள்ளைகள நாடு மாத்திப் படிக்க வைக்கத் தொடங்குனாங்களாம். பொணம் தூக்குனவனுக்குத்தான் தெரியும், ஒருத்தன் வீட்டுச் சோத்த இன்னொருத்தன் தின்னுருந்தா இம்புட்டு வந்துருக்காதுன்னு. 2018ல ஜப்பான் அரசாங்கமும் காசு போட்டு, ஆசியாக்காரப் புள்ளைகளுக்குன்னு "ககேஹாஷி"ன்னு ஒரு திட்டம் தொடங்குச்சு. ககேஹாஷின்னா பாலமாம். பாலமா? நம்ம கீழ்ப்பிரிவு ஆத்துக்குக்கூட மூணு எலக்சனா ஒரு பாலம் வந்துக்கிட்டேதான் இருக்கு. கடல் கடந்த பாலம் மொதல்ல வந்துருச்சு பாரு.

பரிமாற்றத்துல நம்ம ஆளுக பழைய கையி, பேராண்டி. 1964 அக்டோபர்ல சிறிமா அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் டெல்லியில ஒக்காந்து ஒரு கணக்குப் போட்டாங்க. மொத்தம் 975,000 தலை. 525,000 உனக்கு, 300,000 எனக்கு. மிச்சம் 150,000 இருக்கா, அத அப்புறம் பாக்கலாம். பத்து வருசம் கழிச்சு அதையும் பாதிப்பாதியா வகுந்துக்கிட்டாங்க. தலைய எண்ணுனாங்க, யாரும் மூஞ்சியப் பாக்கல. என் தம்பி அங்கிட்டு, நான் இங்கிட்டு. அட்டன் டேசன்ல கோச்சி ஏத்தி விட்டேன். தலைமன்னார்ல கப்பலேறி, ராமேஸ்வரத்துல எறங்கி, கடேசில கோத்தகிரியில மறுபடியும் தேயிலைதான். உனக்கு அங்க வாசல்ல வந்து கூட்டிக்கிட்டுப் போக ஒரு அம்மா இருக்கு, "ஒகாசான்"னு கூப்புடணுமாம். அவனுக்கு வாசலே இல்ல. நீ பத்து மாசத்துல திரும்பி வந்துருவ. அதுதான் வித்தியாசம். மத்தபடி ரெண்டும் பரிமாற்றந்தான்.

ஜப்பான்காரன் நமக்கு ஒன்னும் புதுசு இல்ல. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்புல ஜப்பான் பிளேனு குண்டு போட்டுச்சு. எங்கப்பன் அப்பக் கொழுந்து மடுவத்துல வேல. ராத்திரி வெளக்குப் போடாதன்னு தோட்டமெல்லாம் சொன்னாங்களாம். வெளக்கு இருந்தாத்தான போடாம இருக்க! அப்புறம் 1951ல சான்பிரான்சிஸ்கோவுல உலக நாடெல்லாம் கூடி ஜப்பான என்னா செய்யலாம்னு பேசுனப்ப, நம்ம நிதி மந்திரி ஜே.ஆர். எந்திரிச்சு, புத்தர் சொன்னத எடுத்துச் சொல்லி, எங்களுக்கு நட்டஈடு ஒரு சதமும் வேணாம்னுட்டாரு. அந்த ஒரு பேச்சுக்காக ஜப்பான்காரன் இன்னைக்கும் நம்ம நாட்டக் கண்டா குனியிறான். நல்ல காரியம். எவன் இல்லன்னான்? ஆனா கணக்கப் பாரு. 1951ல அந்த மன்னிப்பு. அதுக்கு மூணு வருசம் முந்தி, 1948ல, அதே அரசாங்கம் நம்மள நாடில்லாத ஆளாக்குன சட்டம். குண்டு போட்டவன மன்னிச்சாச்சு. கொழுந்து பறிச்சவன் என்னா குத்தம் செஞ்சான்னுதான் எங்கப்பன் சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டிருந்தாரு. மிச்சம் கெடந்தவனுக்கெல்லாம் குடியுரிமை குடுக்குற சட்டம் வந்தது 2003ல. அப்ப எங்கப்பன் எங்க? உன் கையில இருக்கு பாரு பாஸ்போட்டு, சிங்கம் போட்டது, அத ஈரக் கையால தொடாத.

சரி, அத விடு. மூட்டைக்கு வருவோம்.

23 கிலோவுக்கு மேல ஏத்த மாட்டானாமே? அதுக்கு உங்க வீட்டுல மூணு நாளா ஒப்பாரி. மொளகாத்தூள் எடுக்கவா, ஊறுகாய வைக்கவா. பெட்டியத் தூக்கித் தூக்கி உங்கப்பனுக்கு இடுப்புப் புடிச்சுக்கிச்சு. உங்க பாட்டி அம்புட்டையும் தலையில கயிறு மாட்டி, முதுகுல தொங்கவிட்டு, மழையில, அட்ட கடிக்கக் கடிக்க, தெனம் மூணு தரம் மேட்டுல ஏத்துனா. அவளுக்கு எந்தச் சந்தியில படம் கட்டுன? அதோட ஒரு சூட்சுமம் சொல்றேன் கேட்டுக்க. நம்ம தராசுல நிறுத்தா கூடைக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கிலோன்னு கழிப்பாங்க. ஏர்போட்டுத் தராசுல கழிவே கெடையாது. கூடுச்சோ, காசு. ஆக எங்க நிறுத்தாலும் நமக்குத்தான் நட்டம். அதனால மூட்டையச் சின்னதாக் கட்டு.

கொழும்புல ரெண்டு நாள் பயிற்சி முகாம் போனியாமே. என்னா சொல்லிக் குடுத்தாங்க? வீட்டுக்குள்ள போகைல செருப்பக் கழட்டணும். வந்தா "தடைமா"ன்னு, வந்துட்டேன்னு சொல்லணும். திங்கிறதுக்கு முந்தி கையக் கூப்பணும். பெரியவுங்களக் கண்டா குனியணும். இதையெல்லாம் ஒரு அம்மா படம் போட்டுக் காட்டுச்சு, நீ கொப்பியில எழுதிக்கிட்ட. ஏன்டா, நீ என்னைக்குடா செருப்போட காம்பராவுக்குள்ள போன? போயிருந்தா உங்க பாட்டி அந்தச் செருப்பாலயே அர்ச்சன செஞ்சுருக்க மாட்டா? போகையில "போயிட்டு வாறேன்"னு சொல்லாமப் போனவன் உருப்புட மாட்டான்னு யாரு சொன்னது? நானா, டோக்கியோவா? நாமளே நம்ம வீட்டுல செஞ்சதுதான். ஆனா அத ஜப்பான்காரன் பேரு வச்சு, நீலப் பென்சில்ல கோடு போட்டுக் குடுத்தாத்தான் உனக்கு ஒழுக்கம். கெழவி சொன்னா தொந்தரவு.

குளிக்கிறதும் அப்படித்தான். வெளிய ஒக்காந்து தேய்ச்சுக் கழுவிட்டு, அப்புறந்தான் தொட்டித் தண்ணிக்குள்ள எறங்கணுமாம். ஒரே தண்ணியில வீட்டுக்காரங்க எல்லாரும் மாத்தி மாத்தி ஒக்காருவாங்களாம். உங்கம்மா அதக் கேட்டுட்டு மூஞ்சியச் சுளிச்சா. ஏன் சுளிக்கணும்? நுவரெலியாவுல தை மாசம் பனி உறையிற காலையில, ஒரு தொட்டி சுடுதண்ணி கெடைச்சா நான் ஒரு பட்டாளத்தோட வேணாலும் ஒக்காருவேன். நம்ம பீலியில ஐஸ் மாதிரித் தண்ணியில நாப்பது குடும்பம் வரிசையில நின்னு குளிக்கல? நீ மட்டும் மொத நாளு சோப்பு நொரையோட தொட்டிக்குள்ள எறங்கிறாத. தோட்டத்துக்கே கெட்ட பேரு.

தீனிக்கு ரொம்பக் கவலப்படாத. பச்ச மீனுன்னு பயந்துக்கிட்டிருக்க. அவுங்க சூப்புக்கெல்லாம் அடிப்படையே கட்சுவோபுஷின்னு ஒரு சாமான். என்னான்னு விசாரிச்சா, சூர மீன அவிச்சு, பொகையில போட்டு, கட்ட மாதிரிக் காய வச்சுச் சீவுனது. அடேய், அது நம்ம மாசிக்குப் பங்காளிடா! மாலைதீவுக்காரனும் அதே மீனத்தான அவிச்சு, பொகையடிச்சு, வெயில்ல காய வைக்கிறான்? ரொட்டிக்கு உங்க பாட்டி இடிக்கிற கட்டச் சம்பல்ல வாசம் எங்கேருந்து வருது? பாதி ஜப்பான் ஒரலுக்குள்ளயே கெடந்துச்சு, நீதான் பாக்கல. ஆனா நாட்டோன்னு ஒன்னு, புளிக்க வச்ச சோயா, தொட்டா நூல் நூலா வருமாம். அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

பாஷையும் அம்புட்டுப் பயம் வேணாம். சுசுமு ஓனோன்னு ஒரு பேராசிரியர், 2008ல காலமாயிட்டாரு, தமிழுக்கும் ஜப்பானுக்கும் சொந்தம்னு புஸ்தகம் புஸ்தகமா எழுதுனாரு. யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் ஐயாவும் மனோன்மணி அம்மாவும் அவரோட சேந்து ஆராய்ச்சி பண்ணுனாங்க. மொழிக்காரங்க நெறையப் பேரு அத ஒத்துக்கல. நான் அந்தப் பஞ்சாயத்துக்கே போகல. ஆனா வாத்தியார் சொன்னதுல ஒன்னு எனக்குப் புடிச்சுச்சு. அவுங்களும் நம்மள மாதிரி வெனைச்சொல்லக் கடேசிலதான் வைப்பாங்களாம். "நான் சோறு தின்னேன்." அப்படி. நாம கேள்விக்கு வாலுல "ஆ" போடுறோம், அவுங்க "கா" போடுறாங்க. அப்பறம் என்னா? வாய்ப்பேச்சக் கடைசி வரைக்கும் கேட்டாத்தான் தின்னானா, தின்னலையான்னு தெரியும். நீ பாதியிலேயே ஆமாம் சாமி போடுற ஆளு. அங்கேயாவது முழுசாக் கேட்டுப் பழகு.

நேரம், நேரம்னு ரொம்பப் பயங்காட்டுனாங்களாம். கோச்சி பிந்துனா டேசன்ல ஒரு துண்டுச் சீட்டு குடுப்பாங்களாமே, பள்ளிக்கூடத்துல காட்டுறதுக்கு? நம்ம பதுளைக் கோச்சிக்கு அந்த வழக்கம் வந்தா, நாட்டுல காகிதம் மிஞ்சாது. ஆனா நேரத்த எனக்குச் சொல்லிக் குடுக்காத. விடியிறதுக்கு முந்தி தப்படிப்பான். பெரட்டுக் களத்துக்கு அஞ்சு நிமிசம் பிந்தினா, கண்டாக்கையா கைய நீட்டுவாரு, வீட்டுக்குப் போன்னு. அப்படியே கெஞ்சிக் கூத்தாடி மலைக்கு ஏறுனாலும் அரைப்பேரு. நாள் முழுக்க வேல, பாதிச் சம்பளம். அதுக்குப் பேரு ஒழுக்கம்னு எவனும் எங்களுக்குச் சொல்லல. அதக் கத்துக்க வெளிநாட்டுலேருந்து எவனும் வரவும் இல்ல.

இப்பத் தேத்தண்ணிக்கு வாறேன். இதுலதான் எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு.

அங்க பள்ளிக்கூடத்துல பந்தடிக்கிற சங்கம், மேளம் அடிக்கிற சங்கம் மாதிரி, தேத்தண்ணிச் சங்கம்னு ஒன்னு இருக்காமே. நீ அதுல சேரப் போறியாம். தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன், தேத்தண்ணி குடிக்கக் கத்துக்க ஏழு கடல் தாண்டிப் போறான்! சரி, எப்படிக் குடிக்கிறாங்க? முழங்கால மடக்கி ஒக்காரணும். பச்சத் தூளுல சுடுதண்ணி ஊத்தி, மூங்கில் துடைப்பம் மாதிரி ஒன்னுல அடிக்கணும். கிண்ணத்தக் கையில வாங்கி, ரெண்டு திருப்புத் திருப்பணும். அப்பறந்தான் வாயில வைக்கணும். பாலு இல்ல, சீனி இல்ல. அந்தப் பச்சத் தூள இப்பக் கொழும்புல விக்கிற வெலையக் கேட்டியா? செடிக்கு மூணு வாரம்போலப் பந்தல் போட்டு நெழல் குடுத்து, பறிச்சு, ஆவியில வாட்டி, கல்லு எந்திரத்துல அரைக்கிறாங்களாம். செடிக்கு நெழல்! பறிக்கிறவளுக்கு நம்ம ஊருல ஒரு ரெட்டுச் சாக்கு, ஒரு கம்பளித் துண்டு.

இந்தச் சடங்க ஒழுங்கு பண்ணுனவரு ரிக்யூன்னு ஒரு பெரியவரு. தேத்தண்ணிக் குடிசைக்கு அவரு வச்ச வாசல் ரெண்டடி ஒசரத்துக்குக் கொஞ்சம் மேலதானாம். ராசாவானாலும் வாளக் கழட்டி வெளிய வச்சுட்டு, குனிஞ்சு, தவந்துதான் உள்ள போகணும். உள்ள போனா எல்லாரும் சமம். கேக்கவே நல்லாத்தான் இருக்கு. நாங்க நூத்தி அம்பது வருசமா லயத்துக் கதவுல குனிஞ்சுதான போறோம், எங்கள எவன் ஞானின்னான்? அந்த ரிக்யூ கதையும் கேளு. கூட இருந்து குடிச்ச ஹிதேயோஷிங்கிற ஆண்டானே, 1591ல வயித்தக் கிழிச்சுக்கிட்டுச் சாவுன்னு உத்தரவு போட்டான். தேத்தண்ணியால செத்தவுங்க கணக்கு நம்ம மலையில மட்டும் இல்ல, பேராண்டி.

முடிஞ்சா ஷிசுவோகா பக்கம் ஒரு நடை போயிட்டு வா. அங்கதான் தேயிலை மலை மலையா இருக்காம். கொழுந்த ஆளு பறிக்கிறது இல்ல. ரெண்டு பேரு ரெண்டு பக்கம் மெசினப் புடிச்சுக்கிட்டு நடந்தா, ஒரு வரிச மொட்ட. வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் வெட்டுனாப் போதும். குளிர்ல செடி தூங்குமாம். நம்ம செடிக்குத் தூக்கம் ஏது? ஏழு நாளைக்கு ஒருக்கா அதே நெரைக்குப் போகணும், கை ரெண்டும் கறுத்துப் போற வரைக்கும். இக்கரைக்கு அக்கரை பச்சைன்னு சொல்லுவாங்களே, இதுல ரெண்டு கரையும் பச்சைதான். அட்ட மட்டும் நம்ம கரையில.

ஜப்பான் இங்க வந்ததையும் மறக்காத. தலவாக்கலையில அண போட்டு, மேல் கொத்மலைன்னு 150 மெகாவாட்டு கரண்டு எடுக்கிறாங்களே, அது ஜப்பான் கடன்ல கட்டுனது, 2012ல தொறந்தாங்க. சென்கிளயர் அருவி மெலிஞ்சு போச்சு. ஒகாசான் கேட்டா, "உங்க காசுல எங்க ஊருல வெளக்கு எரியுது, எங்க அருவி இளைச்சுப் போச்சு"ன்னு ரெண்டையும் சொல்லு. ஒன்ன மட்டும் சொல்லாத.

கடேசியா அந்த வெளக்கமாறு சமாச்சாரம். உங்கம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம். "என் புள்ளயக் கக்கூசு கழுவச் சொல்லுவாங்களாமே!" ஆமா, சொல்லுவாங்க. பாடம் முடிஞ்சதும் பதினஞ்சு இருபது நிமிசம், எல்லாப் புள்ளைகளும் வகுப்பக் கூட்டி, தரையத் தொடச்சு, படியத் தேய்ச்சு, கக்கூசும் கழுவும். தண்டன இல்ல. கால அட்டவணையிலயே இருக்கு. கணக்கு, விஞ்ஞானம், வெளக்கமாறு.

மொதல்ல நான் சிரிச்சேன். கூட்டுறதுக்கு எதுக்கு ஜப்பான், எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாங்க கூட்டாத தரையான்னு. அப்புறம் வாத்தியார் ஒரு கேள்வி கேட்டாரு. "கெழவா, நீ கூட்டுன. தொரை மகன் கூட்டுனானா?" எனக்கு வாய் அடச்சுப் போச்சு. கணக்கப்புள்ள மகன்கூடக் கூட்டல. எங்கள்லயே வாத்தியாருக்கு ஆகாதவன்தான் கூட்டுனான், பாடம் சொல்லாதவன் கூட்டுனான். வெளக்கமாறக் கையில குடுத்தா அது அவமானம். இப்பவும் அப்படித்தான்.

இன்னும் ஒன்னு இருக்கு, சொல்லிர்றேன். நம்ம லயத்துக்கு வாசக்கூட்டி ஒருத்தரு இருந்தாரு. காணு வெட்டி, கக்கூசு அள்ளி, நாப்பது குடும்பத்து அழுக்கையும் அவரு ஒருத்தரே பாத்தாரு. தோட்டத்துல தொரை பேரு தெரியும், தொரை நாயி பேரும் தெரியும். அவரு பேரு யாருக்குத் தெரிஞ்சுச்சு? உங்க பாட்டி அவருக்குத் தேத்தண்ணி குடுத்தா, சிரட்டையில. நமக்குக் கோப்ப. சிரட்டய அவரே கழுவி, வேலியில கவுத்துட்டுப் போவாரு. நான் பாத்துக்கிட்டு இதே இஸ்தோப்புலதான் ஒக்காந்துருந்தேன். தொரைக்கு முன்னாடி சமம் வேணும்னு கொடி புடிச்சு ஸ்ட்ரைக் பண்ணுன ஆளு நான். சிரட்ட எனக்குக் கண்ணுல படல.

அதனால நீ கூட்டு. நல்லாக் கூட்டு. மந்திரி மகனும் மீன்காரன் மகனும் ஒரே வாளியில துணியப் பிழியிறான்னா, நீயும் பிழி. ஆனா அங்க பிழிஞ்சுட்டு, இங்க வந்து, "ஜப்பான்ல எப்படித் தெரியுமா"ன்னு லயத்துல உபதேசம் பண்ணாத. அந்த எட்டுப் பேரும் மறுபடியும் படம் கட்ட வந்துருவாங்க. வந்த மறுநாளு வெள்ளனா எந்திரிச்சு, பேசாம நம்ம காணக் கூட்டு. கேக்குறவன் கேக்கட்டும். உங்கம்மா மயங்கி விழுந்தா நான் தண்ணி தெளிக்கிறேன்.

இரு, இரு, எந்திரிக்காத. அந்த ஒகாசானுக்குக் குடுக்கன்னு உங்கம்மா கொழும்புல வாங்குன தேயிலப் பெட்டி இருக்கே, யானப் படம் போட்டது, தங்கத் தாளு சுத்துனது. அத வைக்கிறத வை. இந்தப் பொட்டலத்தையும் ஒரு மூலையில சொருகு. மாசாமாசம் தோட்டத்துல நமக்குத் தர்ற தூளு. நல்லதெல்லாம் கப்பல்ல போன பொறகு மிஞ்சுன டஸ்ட்டு. கொதிக்கக் கொதிக்கச் சாயம் எறக்கு. இஞ்சியத் தட்டிப் போடு. சீனியக் கலக்காத, அந்தம்மா உள்ளங்கையில வை. ஒரு நக்கு, ஒரு மொடக்குன்னு செஞ்சு காட்டு. முழிச்சாங்கன்னா, இது எங்க ஊரு தேத்தண்ணிச் சடங்கு, முழங்கால் மடக்க வேணாம்னு சொல்லு.

அந்தா, ஆரன் அடிக்கிறான். பஸ்ஸு வளவுல திரும்பிருச்சு. ஓடு, பேராண்டி. பிந்துனா அரைப்பேரு.